ஆஃப் கிளட்ச் சாரின் கலை விமர்சனம்

காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கோயில். அத்தனை கோயில் சாமிகளும் ஒரே ஒரு மனிதருக்குப் பயப்பட்டார்கள் என்றால் அது எங்கள் ஆஃப் கிளட்ச் சாருக்குத்தான். பெருமாள் வீதி உலா வரும்போது தெருமுனையில் குடை லேசாகச் சாய்ந்தால் போதும், “டர்னிங்ல பேலன்ஸ் போச்சு பாரு” என்று சொல்லிவிட்டுத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

தொழில் டிரைவிங் ஸ்கூல். மேலே மஞ்சள் போர்டு வைத்த ஒரு பழைய கார், அதில் அவர் பக்கம் ஒரு பிரேக், கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக். பெரிய காஞ்சிபுரத்தில் கார் ஓட்டத் தெரிந்த பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். கிளட்சை முழுசாக மிதிக்காமல், முழுசாக விடவும் செய்யாமல், வண்டியை உறுமவிட்டபடி ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. “ஆஃப் கிளட்ச்ல ஓட்டாத! ஒண்ணு மிதி, இல்ல வுடு! வாழ்க்கையிலயும் அப்டித்தான்!” என்று அவர் கத்துவது ஏகாம்பரநாதர் கோபுரத்துப் புறாக்களுக்கும் மனப்பாடம். அதுவே பேராகிவிட்டது. அவருடைய நிஜப் பேர் என்னவென்று அவர் மனைவியைக் கேட்டால்கூட ஒரு விநாடி யோசித்துத்தான் சொல்வார்.

நான் அப்போது எங்கள் ஊர் லோக்கல் சேனலில் பிறந்த நாள் வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஜரிகைக் கடைக்கு மேலே மாடியில் ஒரே ஒரு அறை, அதுதான் ஸ்டுடியோ. பின்னணிக்கு ஒரு பட்டுப்புடவையைத் தொங்கவிட்டிருப்போம். எந்தக் கடை விளம்பரம் தருகிறதோ அந்தக் கடைப் புடவை. பக்கத்து வீட்டில் தறி ஓடும். நான் “ஆயுள் ஆரோக்கியத்துடன்” என்று ஆரம்பித்தால் அது “டக் டக்” என்று ஆமோதிக்கும்.

ஒரு நாள் எங்கள் ஓனர் அண்ணனுக்குக் கலைத்தாகம் வந்துவிட்டது. வாரா வாரம் ஊரில் நடக்கிற கச்சேரி, நாட்டியம், நாடகம், புத்தக வெளியீடு எல்லாவற்றையும் பற்றி நேரலையில் ஒரு விமர்சன நிகழ்ச்சி. தொகுத்து வழங்குவது நான். விமர்சகர், ஏனாத்தூரிலிருந்து வருகிற ஒரு பேராசிரியர். முதல் நாள், நேரலை ஆரம்பிக்கிற நேரத்தில், பேராசிரியருக்குப் பல்வலி என்று போன் வந்தது.

ஓனர் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். டீக்கடை வாசலில் ஆஃப் கிளட்ச் சார் முந்தின நாள் கோயில் கச்சேரியைப் பற்றி நாலு பேரிடம் கை காலை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் ஓடிப்போய் டீ கிளாஸோடு அவரை மேலே இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

நான் பயந்துகொண்டே கேட்டேன். “நேற்றைய கச்சேரி எப்படி சார் இருந்தது?”

அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. டீயைக் கீழே வைத்தார். “கச்சேரியாம்மா அது? ஃபர்ஸ்ட் கியர்லயே இங்கேர்ந்து வாலாஜாபாத் வரைக்கும் போனா எஞ்சின் இன்னா ஆவும்? அதான் ஆச்சு அந்தப் பாடகர் தொண்டைக்கு. டாப் கியருக்கு மாத்தவே இல்லியே மனுசன்!”

“என்ன ராகம் சார் பாடினார்?”

“அது எனக்குத் தெரியாதும்மா. வண்டி நல்லா ஓடுதான்னு சொல்ல நம்பர் பிளேட்டு பாக்கணுமா?”

அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டுத் தறி பலமாக அடித்தது. சார் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “இந்தத் தறிக்காரர் தாளம் சுத்தமா இருக்குது. நேத்து மிருதங்கத்துக்கு இவர உக்கார வெச்சிருக்கலாம்” என்றார்.

நிகழ்ச்சி முடிவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் அடுத்த வாரமும் இவரே வருவாரா என்று கேட்டார்கள். பேராசிரியரின் பல்வலி குணமான பிறகும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அதன்பின் ஊரில் எந்தக் கலைஞரும் நிம்மதியாக மேடை ஏறியதில்லை. எந்த விழாவானாலும் கூட்டத்தின் கடைசியில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். உட்கார மாட்டார். “உக்காந்தா தூக்கம் வரும், நின்னாத்தான் நியாயம் தெரியும்” என்பது அவர் கொள்கை.

உள்ளூர்க் கவிஞர் ஒருவர் தொகுப்பு வெளியிட்டார். ஒரு வரிக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று உடைத்து உடைத்து எழுதுகிறவர். சார் அந்தப் புத்தகத்தை நிகழ்ச்சியில் பிரித்து வைத்துக்கொண்டு, “கவிஞர் நல்லவர்தான், எங்கிட்டத்தான் வண்டி கத்துக்கினார். ஆனா இன்னா, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிரேக்கு போட்டுக்கினே போறார். பின்னாடி வர்றவன் இடிச்சுக்குவான்” என்றார். கவிஞர் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. அப்புறம் வந்த கவிதைகள் எல்லாம் நீளமான வரிகளில் இருந்தன.

பெரிய சண்டை நாட்டியத்தால் வந்தது. எங்களுக்கு விளம்பரமும் பின்னணிப் புடவையும் தருகிற பட்டுக்கடை முதலாளியின் மகள் அரங்கேற்றம். ஓனர் அண்ணன் நிகழ்ச்சிக்கு முன்பே சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நல்லதா ரெண்டு வார்த்தை. உங்கள கையெடுத்துக் கும்புடறேன்” என்றார்.

“கண்டிப்பா சொல்றேம்பா” என்றார் சார். சொல்லவும் செய்தார். “பொண்ணு நல்லா ஆடுது. காலு சுத்தம், கை சுத்தம்.” அண்ணன் கேமராவுக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டார். சார் தொடர்ந்தார். “ஆனா மூஞ்சிய மட்டும் நியூட்ரல்ல போட்டுட்டு ஆடுது. அழுவறதும் அதே மூஞ்சி, சிரிக்கறதும் அதே மூஞ்சி. பாவம், அது தப்பில்ல. வூட்ல யாரோ ரொம்ப மெரட்டி வெச்சிருக்காங்க.”

கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து ஒரு ஆள் மாடியேறி வந்தார். நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் யாரையும் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் போய், தொங்கிய புடவையின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புடவையை நான்காக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பின்னால் காரை பெயர்ந்த சுவரும் எப்போதோ தேதி கிழித்த காலண்டரும் தெரிந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

சார் திரும்பிப் பார்த்தார். “இது நல்லாருக்குதும்மா. உள்ளது உள்ளபடி இருக்குது. இப்படியே வுட்டுடுங்க” என்றார்.

இவ்வளவுக்கும் அவர் யாரையும் வெறுத்துப் பேசியதில்லை. வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி ஒரு முறை என்னிடம் சொன்னார். “ரசத்துக்குக்கூட விமர்சனம் சொல்வார்மா. சொல்லிட்டு மூணு தடவ ஊத்திக்குவார். அதனால நான் காதுல வாங்கிக்கறதில்ல, கரண்டிய மட்டும் பாத்துக்குவேன்.”

அப்படிப்பட்ட மனிதர் மாட்டிக்கொண்டது தாமல் ராஜாவிடம்.

தாமல் ராஜா என்றால் பக்கத்து ஊர் தாமலில் தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர். பகலில் செங்கல் லோடு அடிக்கிற டிராக்டர் ஓட்டுவார். ராத்திரி கிரீடத்தை வைத்துவிட்டால் நிஜ ராஜாவே வந்தாலும் எழுந்து இடம் கொடுக்கவேண்டும், அவ்வளவு கம்பீரம். மேடையில் பம்பரமாகச் சுழன்று ஆடுவார். சார் ஒரு திருவிழாவில் அந்தக் கூத்தை விடிய விடிய நின்று பார்த்தார். அடுத்த நிகழ்ச்சியில், “எல்லாம் சரி. ஆனா விடியக்காலம் சுத்தறப்ப ராஜா தடுமாறினார். நான் பாத்தேன். ராஜாவே தடுமாறினா நாடு இன்னாத்துக்கு ஆவும்?” என்று கேட்டுவிட்டார்.

அதற்கடுத்த வாரம். நிகழ்ச்சி ஆரம்பித்துச் சற்று நேரம். கீழே தெருவில் டிராக்டர் சத்தம். அப்புறம் ஜனங்கள் கூவுகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்த ஓனர் அண்ணன் வெளிறிப்போனார். தாமல் ராஜா முழு வேஷத்தில், கிரீடம், தோளில் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டைகள், முகத்தில் சிவப்பு அரிதாரம், முறுக்கு மீசை சகிதம் டிராக்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். தாமலிலிருந்து நெடுஞ்சாலை வழியாக அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். வழியில் போலீஸ்காரர் ஒருவர் சல்யூட் அடித்ததாகக் கேள்வி.

எங்கள் மாடிக் கதவு ஒற்றைக் கதவு. புஜக்கட்டைகள் நுழையவில்லை. கட்டிலை உள்ளே கொண்டுவருவதுபோல ராஜா பக்கவாட்டில் திரும்பி, ஒரு தோளை முதலில் விட்டு, அப்புறம் மறு தோளை விட்டு நுழைந்தார். கிரீடம் மின்விசிறியைத் தொடப் பார்த்தது. நான் அலறிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். சித்திரை மாதம். எல்லோரும் வேர்த்துக் கொட்டினோம்.

“யாருய்யா இங்க ஆஃப் கிளட்ச்சு?”

“நான்தான். உக்காருங்க” என்றார் சார்.

“உக்கார முடியாது. கட்டு கட்டியிருக்குது.”

“அப்ப நின்னுக்கினே பேசுங்க.”

“முண்டா பனியனோட வந்தா நீ யாருன்னு கேப்பே. அதான் இப்டியே வந்தேன். சொல்லு, நான் எங்க தடுமாறினேன்?”

“விடியக்காலம் சுத்தறப்போ.”

“மேடையில ஒரு ஆணி நீட்டிக்கினு இருந்துது. அது என் குதிகால்ல ஏறிச்சு. அதோடதான் விடியற வரைக்கும் ஆடினேன். ரத்தத்தோட ஆடினேன். அது தெரியுமா உனக்கு?”

சார் குனிந்து ராஜாவின் காலைப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவருக்குள் பெரிய போராட்டம் நடந்தது தெரிந்தது. கடைசியில், “ஆணி இருந்தது பந்தல்காரர் தப்புபா. எனக்குத் தெரியாது, மனசு கஷ்டமா இருக்குது. ஆனா தடுமாறினது தடுமாறினதுதானே?” என்றார்.

ராஜாவின் மீசை துடித்தது. அரிதாரம் வழிந்து கழுத்துக்கு வந்துவிட்டது. “பக்கத்து சீட்ல உக்காந்துக்கினு சொல்றது சுலபம் சார். ஒரு நாள் ஸ்டியரிங்க புடிச்சுப் பாருங்க. அடுத்த மாசம் எங்க ஊர்த் திருவிழா. வேஷம் கட்டறீங்களா?”

வேறு யாராக இருந்தாலும் சிரித்து மழுப்பியிருப்பார்கள். சாருக்கு மழுப்பத் தெரியாது. “கட்டறேன்” என்றார்.

ராஜா வந்த மாதிரியே பக்கவாட்டில் வெளியேறினார்.

கொடுத்த வேஷம் தூதுவன். ஓடி வரவேண்டும், ராஜாவை வணங்கவேண்டும், “மன்னா, எதிரிப் படை ஏரிக்கரை வரை வந்துவிட்டது!” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். சார் அந்த ஒரு வரியைப் பயிற்சி செய்த விதத்தில் எங்கள் ஊரில் விபத்து நடக்காதது காமாட்சி புண்ணியம். எட்டு போடப் பழகுகிறவர் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து திடீரென்று “மன்னா!” என்று கர்ஜனை வரும். வண்டி எட்டை விட்டுவிட்டு வேலிக்குள் போய் நிற்கும்.

திருவிழாவுக்கு முன் ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஓனர் அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். நெடுநேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? மேடையில சும்மா நிக்கும்போது கைய எங்க வெச்சுக்கறது?”

ஊரில் உள்ள அத்தனை பேர் கையையும் குறை சொன்ன மனிதர். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் கையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

“வரமுடியலன்னு சொல்லிடுங்களேன் சார். உடம்பு சரியில்லன்னு நான் சொல்லிக்கறேன்” என்றேன்.

“அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு அந்த நாற்காலில உக்காருவேன்?” என்று எழுந்து போய்விட்டார்.

திருவிழாவன்று சேனலுக்காகக் கூத்தைச் சாயங்காலமே ஆரம்பித்தார்கள். தாமல் ஏரிக்காற்று சிலுசிலுவென்று வந்தது. முன் வரிசையைப் பார்த்தேன். சாரிடம் அடி வாங்கிய கலையுலகம் முழுவதும் வேன் வைத்து வந்திருந்தது. ஃபர்ஸ்ட் கியர் பாடகர் கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்திருந்தார். பிரேக் கவிஞர் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பட்டுக்கடை முதலாளி குடும்பத்தோடு வந்திருந்தார். நியூட்ரல் என்று பேர் வாங்கிய பெண்ணின் முகத்தில் அன்று நவரசமும் தாண்டவமாடியது.

தூதுவன் வந்தார். ஓடி வந்தார் என்று சொல்லமுடியாது. பின்னால் இருந்து யாரோ தள்ளிவிட்டிருக்கவேண்டும். முகமெல்லாம் சிவப்பு, கைகள் இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் விறைத்து நின்றன. கும்பிட்டார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை.

மத்தளக்காரர் நேரம் கொடுக்க இன்னொரு சுற்று வாசித்தார். அந்த இடைவெளியை நிரப்ப ராஜா சுழல ஆரம்பித்தார். பாவாடை விரிய, கண்ணாடிச் சில்லுகள் மின்ன, சுழன்று சுழன்று நேராகத் தூதுவனை நோக்கி வந்துகொண்டிருந்தார். வேகம் கூடிக்கொண்டே வந்தது.

சாரின் வலது கால் தன்னால் எழுந்து மேடைப் பலகையை ஓங்கி மிதித்தது. “பிரேக்கு! பிரேக்க புடி!” என்று அலறினார்.

ஊரே வெடித்துச் சிரித்தது. பாடகரின் மஃப்ளர் அவிழ்ந்து விழுந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதர் அப்படியே மேடையில் கரைந்து போய்விடுவார் போல நின்றிருந்தார்.

ராஜா அவருக்கு ஒரு சாண் முன்னால் கல்தூண் மாதிரி நின்றார். ஒரு வார்த்தையில் ஆளை முடித்திருக்கலாம். முன்வரிசை முழுக்க அதற்குத்தான் காத்திருந்தது. அவர் மீசையை நீவிவிட்டுக்கொண்டு, கூத்துக் குரலில் கணீரென்று கேட்டார். “தூதனே! என் தேருக்கே பிரேக் போடச் சொல்கிறாய் என்றால், எதிரே வருவது சாதாரண ஆளாக இருக்காது! யார் வருவது? அஞ்சாமல் சொல்!”

சாருக்கு உயிர் வந்தது. “படை மன்னா! எதிரிப் படை… ஏரிக்கரை வரைக்கும் வந்துக்கினு இருக்குது!”

“அப்படியானால் நீ பிரேக் போட்டது சரிதான்!” என்றார் ராஜா. விசில் பறந்தது. அதுவரை சாரைப் பழிவாங்க வந்திருந்தவர்களும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது அந்த நாட்டியப் பெண்தான்.

அடுத்த வார நிகழ்ச்சியை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் பிறந்த குழந்தைகள் மட்டும்தான். சார் வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

“தாமல் கூத்தைப் பற்றி…” என்று இழுத்தேன்.

“தூதன் வேஷத்துக்கு யாரோ புதுசா ஒருத்தர் வந்திருந்தார்மா” என்று ஆரம்பித்தார். “நடை இல்ல. குரல் இல்ல. இருந்த ஒரு வசனமும் மறந்து போச்சு. கைய ரெண்டையும் வூட்லயே வெச்சுட்டு வந்திருக்கலாம். எல் போர்டு மாட்டித்தான் அந்த ஆள மேடையேத்தி இருக்கணும். இனிமே ஏத்தாம இருந்தா இன்னும் நல்லது.” தன்னைப் பற்றி அவர் சொன்ன அளவுக்குக் கடுமையாக வேறு யாரைப் பற்றியும் சொன்னதில்லை.

“ராஜா எப்படி சார்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நடுரோட்டுல ஒரு வண்டி நின்னு போச்சு. பின்னாடி வர்றவன் இன்னா பண்ணுவான்? ஹாரன் அடிப்பான், திட்டுவான். இவர் எறங்கி வந்து தள்ளிக் குடுத்தார்மா.”

“இந்தத் தடவை சுத்தும்போது தடுமாறினாரா?”

“தெரியாதும்மா. கண்ண மூடிக்கினேன்” என்றார்.

சார் இனிமேல் மென்மையாகிவிடுவார் என்று ஊர் நம்பியது. அடுத்த வாரமே பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை ஆற்றிய தாளாளரை, “ரிவர்ஸ்லயே பேசினார்” என்று ஒரு பிடி பிடித்தார். ஒரே ஒரு மாற்றம்தான். அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் மேடைக்குப் பின்னால் போவார். வேஷம் கலைத்துக்கொண்டிருப்பவர்களிடம், “மேடையில ஆணி கீணி எதனா இருந்துதாபா? தொண்டை கிண்டை சரியில்லையா?” என்று விசாரிப்பார். கேட்டுக்கொண்ட பிறகுதான் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து திட்டுவார். பட்டுக்கடைக்காரர் ஒரு நாள் புடவையைத் திருப்பி அனுப்பினார். கூடவே, மகளுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டும் அனுப்பினார்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். பத்தி எழுதுகிறவள் என்று பெரிய சேனல்களில் புத்தகம், சினிமா பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். நாலு பேர் உட்கார்ந்து நாலு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிற நிகழ்ச்சிகள். முடிந்ததும் நண்பர்கள் “சூப்பர்” என்று கட்டைவிரல் அனுப்புவார்கள். நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து போன் வரும்.

“ஏம்மா, அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் உன்னை ஓவர்டேக் பண்ணிக்கினே இருந்தார், நீ எதுக்கு சைடு குடுத்துக்கினே போன? சொல்ல வந்தத பாதிலயே வுட்டுட்ட. ஆஃப் கிளட்ச்! சாப்ட்டியா?”

போன வாரம் ஒரு நிகழ்ச்சி. முடிந்து வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, சாப்பிட்டும் ஆயிற்று. போன் வரவில்லை. மறுநாள் காலை நானே கூப்பிட்டேன். “ரெண்டு நாளா காய்ச்சல்மா. டிவியே போடல” என்றார் ஈனமான குரலில். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது பரவாயில்லையாம், கஞ்சிக்கு உப்பு பத்தவில்லை என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாராம்.

அந்த நிகழ்ச்சியில் நான் எப்படிப் பேசினேன் என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.